சாரல் காற்றும் மெருகிடாத மரக்கழுத்தும்

கனடா நாட்டுக் கொடியில் காணும் இலை மேப்பிள் மரத்தினுடையது. வட அமெரிக்கக் குளிரில் வளரும் அம்மரத்தில் கடைந்த கித்தார்க் கழுத்து, ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துச் சாரலில் நனைந்த காற்றைச் சந்திக்கிறது. வார்னிஷ் பூசாத வெறும் மரமாயின் நிலைமை இன்னும் இக்கட்டானது. பகுதிநேர வேலை பார்த்துக் கித்தார் வாங்கிய மாணவனுக்குக் கழுத்து கோணிப் போவது சிறிய இழப்பன்று.

வெட்டிக் காயவைத்த பின்னரும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வறண்ட காற்றில் அதைத் திருப்பித் தரும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாயின் மரத்துள் நீர் ஏறக்குறைய 12 விழுக்காடு நிற்கும். 85 ஆனால் 17 அல்லது 18 வரை ஏறும். இதனால் நீளவாக்கில் மரம் பெரும்பாலும் மாறாது, அகலவாக்கில் பருக்கும். பித்தளை, எஃகு மெட்டுகளோ ஈரத்தால் பருப்பதில்லை. கோடையில் மரம் சுருங்கும்போது மெட்டு முனைகள் விரலைக் கீறுவது இதனால்தான்.

நம் வீணையின் வழி வேறு. தஞ்சாவூர் வீணை பலா மரத்தால் ஆனது. 2013-இல் புவிசார் குறியீடும் பெற்றது. அதன் 24 மெட்டுகளும் மரத்தில் அறையப்படுவதில்லை; தேன்மெழுகும் கரியும் கலந்த மேளத்தின்மீது பதிக்கப்படுகின்றன. சுருதி விலகினால் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்திக் கொள்ளலாம். பழுது வரும் என்று எதிர்பார்த்தே செய்த கருவி அது! கித்தாரில் அந்தச் சலுகை இல்லை. கழுத்தினுள் ஓடும் இரும்புக் கம்பியைத் திருகி வளைவை ஓரளவு சரிசெய்யலாம், அவ்வளவே.

வெறும் மேப்பிள் கழுத்து கைக்கு வழவழவென்று இதமாக இருக்கும். ஆனால் வியர்வையும் எண்ணெயும் ஊறி நாளடைவில் சாம்பல் நிறமாகும். கண்டவுடன் உப்புத்தாளை எடுப்பது நம்மவர் வழக்கம். அது அழுக்கோடு கழுத்தின் வடிவையும் தேய்த்துவிடும். தேய்ந்த மரம் திரும்ப வளராது.

முதலில் தந்திகளைக் கழற்றி உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். பிறகு சோப்பு நீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். நீர் தங்கினால் நார் எழும்பும். எண்ணெய்ப் பிசுக்கு போகாவிடில் பெயிண்டுக் கடையில் கிடைக்கும் டர்பன்டைன் சில துளி போதும்; சன்னல் திறந்திருக்கட்டும், அருகில் நெருப்பு வேண்டாம். கடைசியில் நான்கு சுழி எண் கொண்ட மிக மெல்லிய எஃகுக் கம்பளியால் நார் ஓடும் திசையில் மெதுவாகத் தேய்க்கலாம். மின் கித்தாராயின் காந்தப் பகுதியைக் காகிதம் ஒட்டி மூடாவிட்டால் எஃகுத் துகள்கள் அங்கே ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது காப்பு. வீட்டில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெயைத் தடவக் கூடாது. அது உலராது, பிசுபிசுத்துத் தூசியை வாங்கும், நாளானால் சிக்கு வாடையும் வரும். நல்லெண்ணெயும் ஆகாது. ஆளிவிதை எண்ணெய் வேறு வகை: காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லக் கெட்டிப்படும். மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரம் பொறுத்து, மேலே நிற்பதை முழுவதும் துடைத்துவிட வேண்டும். நன்கு உலர்ந்த பின் இன்னும் இரண்டு முறை. ஈரக் காற்றில் இது உலர நாளாகும் என்பதால், சாரல் தொடங்குமுன் சித்திரையிலேயே முடித்துக்கொள்வது நல்லது. மேலே சிறிது தேன்மெழுகு தேய்த்தால் கை வழுக்கிச் செல்லும். தச்சர்கள் பரிந்துரைக்கும் அரக்குப் பாலிஷ் ஈரக்காற்றை நன்றாகவே தடுக்கும். ஆயினும் வியர்வை பட்டு வெளிறக்கூடும் என்பதால் கழுத்துக்கு நான் அதை விரும்புவதில்லை.

எண்ணெயும் மெழுகும் அழுக்கைத் தடுக்குமே தவிர, காற்றின் ஈரத்தை முழுதும் தடுக்கமாட்டா. ஆகவே சாரல் நாட்களில் வெளிச்சுவரில் சாய்த்து வைக்காமல், உறையிலிட்டு உள்ளறையில் வைக்க வேண்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். உலரும்போது அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். நீரில் நனைத்தோ, வெளியே விரித்துக் காயவைத்தோ பிறகு அப்புறப்படுத்துங்கள்.