தெளிந்த நீரெல்லாம் தூய நீராகுமா?

பால்வெட்டு முடிந்து வெயிலில் வீடு திரும்பும் நமக்கு ஒரு குவளைத் தண்ணீரைவிட இனியது வேறில்லை. அந்நீர் எங்கிருந்து வந்தது, எவ்வழியே வந்தது என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா? தெளிந்திருந்தால் நல்ல நீர், கலங்கியிருந்தால் கெட்ட நீர் என முடிவு கட்டிவிடுகிறோம். இது பெரும் பிழையாகும்.

1854ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வாந்திபேதி பரவியது. அங்குப் பிராட் தெரு அடிகுழாயின் நீரைச் சுவைக்காகவே விரும்பிய அம்மையார் ஒருவர், தொலைவில் குடியேறிய பின்னரும் அதனைத் தருவித்துப் பருகினார்; அந்நோயால் மாண்டார். அவ்வட்டாரத்தில் பத்தே நாள்களில் 500க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். நோய்க்கு அந்நீரே காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்நோ எடுத்துக்காட்டினார். அருகிலிருந்த கழிவுக்குழி அக்கிணற்றுக்குள் கசிந்தது பின்னர் தெரியவந்தது. கண்ணும் நாவும் நீரின் தூய்மையை அறியா என்பதற்கு இதுவே சான்று.

இனி, தோட்டப்புறத்தில் நமக்குக் கிடைக்கும் நீர்வகைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

ஆற்று நீர்: மேற்புறத்தில் குளிப்போர், துவைப்போர், இறங்கும் மாடுகள் ஆகியவற்றின் அழுக்கோடு, மழை அடித்துவரும் உரத்தையும் களைக்கொல்லியையும் இது சுமந்து வருகிறது. மிகுந்த ஐயத்திற்குரியது இதுவே.

கிணற்று நீர்: மண்ணில் வடிந்து வருவதால் தெளிவாக இருக்கும். ஆயினும் 30 மீட்டருக்குள் கழிவுக்குழி இருந்தாலோ, சுற்றுச்சுவரும் மூடியும் இல்லாவிட்டாலோ, வெள்ளம் புகுந்தாலோ அதனை நம்பலாகாது.

மழை நீர்: கூரையிலுள்ள பறவை எச்சமும் சருகும் இதனைக் கெடுக்கின்றன. முதலில் வடியும் நீரை வழியவிட்டுப் பின்னரே பிடித்தல் வேண்டும். தொட்டியை மூடாவிட்டால் டிங்கிக் கொசுவும் பெருகும்.

சுத்திகரிக்கப்பட்ட குழாய் நீர்: நான்கிலும் இதுவே சிறந்தது. இதில் வீசும் குளோரின் மணம் கண்டு அஞ்சவேண்டியதில்லை. அது கிருமிகளை அழிக்கச் சேர்க்கப்படுவது. ஆனால் திறந்த பீப்பாயில் நிரப்பிக் கைபட மொண்டால் இந்நீரும் கெட்டுவிடும்.

ஐயம் எழுந்தால், நீர் தளதளவெனக் கொதிக்கத் தொடங்கியபின் மேலும் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, அதே பாத்திரத்தில் மூடி ஆறவைத்துப் பருகுவோம். ஒன்றை மட்டும் மறத்தலாகாது. கொதிக்கவைத்தல் கிருமியைக் கொல்லும், நஞ்சை அகற்றாது. ஆகவே, களைக்கொல்லியோ, பால் உறைய ஊற்றும் திராவகமோ இருந்த கலன்களில், எத்தனை முறை கழுவினாலும், குடிநீர் பிடிக்கவே கூடாது.

வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தையைக் கண்டு விதியை நோவதில் பயனில்லை. நீரின் தெளிவில் மயங்காது, அது வந்த வழியை அறிந்து பருகுவோம். நம் மக்களைக் காப்போம்.