கூரைமேல் விளையும் மின்சாரம்

களுபோவிலையில் எமது வீட்டு முன்சுவரிலே பொருத்தப்பட்டுள்ள மின்மானி இரு திசையிலும் கணக்கு வைப்பது. பகலிலே கூரைத் தகடுகள் தரும் மின்சாரம் வீட்டுத் தேவைக்கு விஞ்சியவழி வீதிக்கம்பியிற் சென்று சேரும்; இரவிலே அக்கம்பியிலிருந்தே யாம் பெறுவோம். மாதந்தோறும் வரும் இளைஞர் இரண்டு எண்களைக் குறித்துக்கொண்டு செல்கிறார். அவ்விரண்டு எண்களுக்கும் பின்னே கிடக்கும் பொருளியலையும் அரசியலையும் மாணவர்க்கு விளங்குமாறு கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். மூத்தோர் தத்தம் மின்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தல் நலம்.

மின்சாரத்தில் அரசியல் புகுந்தது இன்று நேற்றன்று. பொறியியலாளர் டீ. ஜே. விமலசுரேந்திர 1918 ஆம் ஆண்டிலேயே இலங்கையின் நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின் எடுக்கலாம் என்று கட்டுரை படித்தார். 1931 இல் அரசாங்க சபைக்குத் தெரிவாகி அங்கும் வாதாடினார். ஆயினும் இலக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது 1950 இலேதான். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தமைக்கு அருவியில் நீர் இல்லாமை காரணமன்று. பணம் எவருடையது, பயன் எவருக்கு என்னும் வினாக்களுக்கு விடை காணுதலே அரிதாயிருந்தது. அதே வினாக்கள் இப்பொழுது நம் ஓட்டுக் கூரைகளின்மேல் ஏறியிருக்கின்றன.

சிலிக்கன் சூரியக் கலத்தை அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தார் 1954 இல் வெளியிட்டனர். அது தன்மேல் விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கையே மின்னாக மாற்றியது. இக்காலத்துத் தகடுகள் இருபது பங்குக்கு மேல் மாற்றுகின்றன. தகட்டிலிருந்து வருவது நேரோட்டம். அதனை ஆடலோட்டமாக்கி, வீதிக்கம்பியின் 50 ஹேட்ஸ் மீடிறனுக்கு இசைவிப்பது இன்வேட்டர் என வழங்கும் கருவி. வீதியில் மின் நின்றால் இக்கருவியும் நின்றுவிடும்; கம்பியிற் கைவைக்கும் தொழிலாளியைக் காக்கவே இவ்வேற்பாடு. 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின் வெட்டப்பட்ட காலத்தில், உச்சி வெயில் கூரையைச் சுட்டுக்கொண்டிருக்க, யாம் கீழே பனையோலை விசிறியுடன் இருந்தோம். அயலார் நகைத்தனர்.

இனி விலையைப் பார்ப்போம். 2016 செப்ரெம்பரில் அரசு ‘சூரிய பல சங்க்ராமய’ என்னும் திட்டத்தைத் தொடக்கியது. மேலதிக மின்னுக்கு முதல் ஏழாண்டு அலகொன்றுக்கு 22 ரூபாவும், பின்னர் இருபதாம் ஆண்டு வரை 15 ரூபா 50 சதமும் தருவதாக ஒப்பந்தம். யாம் 2018 இல் ஓய்வுக்கொடைப் பணத்திலிருந்து ஏறக்குறையப் பத்து இலட்சம் செலவிட்டு ஐந்து கிலோவாற்றுத் தகடுகள் பொருத்தினோம். மாத விளைச்சல் சராசரி 550 அலகு. வீட்டில் எரித்ததையும் 22 ரூபாவாகவே மதித்தால் மாதம் 12,100 ரூபா, ஆண்டுக்கு 1,45,200, ஏழாண்டில் 10,16,400. முதல் மீளும் காலத்தை ஏழாண்டு என்று வகுத்தோர் கணக்கறிந்தோரே என்பது இதனாற் புலனாகும். வட்டியை அவர்கள் கணித்தனரோ, அறியோம்.

ஆயின் ரூபாவின் பெறுமதி அக்கணக்கிற்குள் அடங்கவில்லை. 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய இருநூறு ரூபா. மே மாதத்தில் முந்நூற்றறுபதையும் தாண்டியது. அதே ஆண்டில் புதிதாக இணைவோர்க்கு விலை 37 ரூபா ஆயிற்று. 2024 இல் 27 ஆகக் குறைந்தது. 2025 இல் சிறிய கூரைகளுக்கு 20 ரூபா 90 சதமாயிற்று. ஒரே ஒழுங்கையில், ஒரே வெயிலில் விளையும் ஒரே பொருளுக்கு வீட்டுக்கு வீடு வேறு விலை! எமது ஏழாண்டு 2025 இல் முடிந்தது. இப்பொழுது எமக்கு 15 ரூபா 50 சதம். ஒப்பந்தத்தில் யாம் கையொப்பமிட்டோம், ஆகவே வழக்கில்லை.

எமது வீட்டு மேன்மாடியில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கின்றது. தையல் வேலை செய்யும் அக்குடும்பத்துத் தாய் ஒருநாள், “மாஸ்ரர், உங்கள் கூரை மின்சாரத்துக்கு நாங்களும் சேர்ந்தோ காசு கட்டுகிறோம்?” என்று வினவினார். ‘இல்லை’ என்று சொல்ல நா எழவில்லை. 2014 முதல் 2022 வரை வீட்டுக் கட்டணத்தில் முதல் அறுபது அலகு 7 ரூபா 85 சதம். 180 அலகுக்கு மேற்பட்டவை 45 ரூபா. மிகுதியாக எரிப்போர் தரும் பணமே குறைவாக எரிப்போரின் விலையைத் தாங்கியது. தகடு பொருத்த வல்லவர் யாவர்? அந்த 45 ரூபாக்காரரே. அவர் தம் கூரையை நாடிய அளவிற்கு, தாங்கும் தோள்கள் குறைகின்றன. வெள்ளவத்தை அடுக்குமாடிகளிலும் கொட்டாஞ்சேனைத் தொடர்வீடுகளிலும் வாழும் நம்மவர் பலர்க்குத் தமக்கெனக் கூரையே இல்லை. அவர்கள் தகடு வாங்குவதெங்கே?

எனினும் இது முழு உண்மையன்று. எண்ணெய் எரித்துப் பெறும் விலைகூடிய மின்னுக்குப் பதிலாக எமது அலகு செல்லும்போது அத்தாய்க்கும் இலாபமே. விடுமுறைப் பகலில் கதை வேறு. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று பட்டதாக அமைச்சர் கூறினார். நாடு முழுவதும் இருண்டது. குரங்கின்மேற் பழி போட்டுச் சிரித்தோர் பலர். அன்று தேவை குறைவு, கூரை மின் மிகுதி. ஆதலாற் சுழலும் பெரும் பொறிகளின் பங்கு சுருங்கியிருந்தது. சுழலும் இரும்புக்குச் சடத்துவம் உண்டு. அதிர்ச்சி வந்தவழி மீடிறன் சட்டென வீழாது காக்கும். எமது தகட்டுக்கு அஃதில்லை. அவ்வாண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பிற்பகல் மூன்று மணிவரை கூரைத் தொகுதிகளை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டியது. யாமும் ஆளியை இறக்கினோம். வருடப்பிறப்புப் பொங்கல் வைத்த முற்றத்தில் வெயில் வீணே காய்ந்தது.

நண்பகல் மின்னை மாலை ஏழு மணிக்குக் கொண்டுசேர்ப்பதே இனித் தீர்க்கவேண்டிய கணக்கு. அதற்கு மின்கலம் வேண்டும். விலை விசாரித்தோம், தகடுகளுக்கு அன்று கொடுத்ததிற் குறையாத தொகை சொன்னார்கள். ஒப்பந்தத்தில் எஞ்சியிருப்பதோ இன்னும் பத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள். எமக்கு வயது எழுபத்திரண்டு. மருமகன் வாங்கலாம் என்கிறார். மனையாள், தகடு பொருத்தியபோது துளையிட்ட இடத்தில் ஒழுகும் ஓட்டை முதலில் மாற்றச் சொல்கிறாள்.