தேர்வுக் கூடத்தில் மூன்று மணி நேரம்

ஓராண்டு முழுவதும் நாம் கற்றதை எடுத்துரைக்கத் தேர்வு நமக்கு அளிப்பது மூன்று மணி நேரமே. நன்றாகப் படித்த மாணவியர் சிலரும் மதிப்பெண் குறைந்து கலங்குவதைக் காண்கிறோம். "எல்லாம் தெரிந்த கேள்விகள்தாம், நேரம் போதவில்லை" என்பதே அவர்கள் கூறும் காரணம். அறிவு இருந்தும் காலத்தால் தோற்பது எவ்வளவு வருந்தத்தக்கது!

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்கள் 48, 49, 50 என அடுத்தடுத்து அமைந்துள்ளன. அரசனுக்குக் கூறப்பட்ட இம்மூன்றும் தேர்வெழுதும் நமக்கும் பொருந்தும். நமக்குத் தெரிந்தது எது, அதற்குரிய நேரம் எவ்வளவு, எந்த இடத்தில் எத்தனை மதிப்பெண் என்று அறிதலே தேர்வில் பாதி வெற்றியாகும்.

தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டு நடந்த பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கணிதத் தாளை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண் வினாக்கள் 10. ஐந்து மதிப்பெண் வினாக்கள் 10. எட்டு மதிப்பெண் வினாக்கள் 2. காலை 10 மணி முதல் 10 நிமிடம் வினாத்தாளைப் படிக்கவும், அடுத்த 5 நிமிடம் விவரங்களைச் சரிபார்க்கவும் தரப்பட்டன. 10.15 முதல் 1.15 வரை எழுதும் நேரம்.

படிக்கும் 10 நிமிடத்தை வீணாக்கலாகாது. இரண்டு மதிப்பெண், ஐந்து மதிப்பெண் பகுதிகளில் 14 வினாக்களுக்குப் பத்தே எழுத வேண்டும். நமக்கு நன்கு தெரிந்தவற்றை அப்போதே மனத்தில் குறித்துக்கொள்வோம். 28, 42 ஆகிய கட்டாய வினாக்களையும் மறவாதிருப்போம்.

பின்பு நேரத்தைப் பங்கிடுவோம். ஒரு மதிப்பெண் வினாக்களை 10.30க்குள் முடிப்போம். இரண்டு மதிப்பெண் வினாக்களுக்கு 35 நிமிடம், மணி 11.05 ஆகும். ஐந்து மதிப்பெண் வினா ஒவ்வொன்றுக்கும் 8 நிமிடம், 12.25க்கு அப்பகுதி முடியும். வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் 35 நிமிடம் தந்தால் மணி ஒன்று. எஞ்சிய 15 நிமிடம் சரிபார்க்க. வரைபடம் நன்கு வருபவர்கள் அதை முதலில் எழுதலாம். வரிசை மாறலாம், பங்கு மாறக் கூடாது.

தோழியரே, நம்மில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்றில் விடை வரவில்லை என்று பிடிவாதமாக 20 நிமிடம் போராடுகிறோம். உரிய 8 நிமிடம் போக, 12 நிமிடம் கூடுதலாகச் செலவாகிறது. அதற்குள் தெரிந்த ஐந்து மதிப்பெண் வினா ஒன்றையும் இரண்டு மதிப்பெண் வினா ஒன்றையும் எழுதியிருக்கலாம். ஐந்தைப் பிடிக்க ஏழை விடுவது அறிவுடைமையா? சூத்திரத்தையும் தெரிந்த படிகளையும் எழுதி, இடம் விட்டு, அடுத்த வினாவுக்குச் செல்வோம். சரியான படிகளுக்கும் மதிப்பெண் உண்டு. வெற்றுத் தாளுக்கு ஒன்றுமில்லை. விட்ட கணக்கு, மீண்டும் வரும்போது பல வேளைகளில் எளிதாகவே தோன்றும்.

கடைசி 15 நிமிடத்தில் வினா எண்கள், கட்டாய வினாக்கள், அலகுகள் ஆகியவற்றைப் பார்ப்போம். பக்கத்துத் தோழி கூடுதல் தாள் கேட்டாள் என்று மனம் பதறக் கூடாது. அவளது வேகம் அவளுக்கு. நம் கடிகாரம் நமக்கு.

இவையெல்லாம் தேர்வன்று திடீரென வந்துவிடா. வாரம் ஒருமுறையேனும் பழைய வினாத்தாள் ஒன்றை, கடிகாரத்தை எதிரில் வைத்து, இடையில் எழாமல் முழுவதும் எழுதிப் பழக வேண்டும்.

இங்கே பெற்றோரிடம் நமக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. வீட்டு வேலையில் உதவுவது நம் கடமை; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நாம் எழுதிப் பழகும் அந்த மூன்று மணி நேரத்தில் மட்டும் தண்ணீர் பிடிக்கவும் கடைக்குப் போகவும் தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் எங்களை அழைக்காதிருங்கள். துண்டு துண்டாகக் கிடைக்கும் நேரத்தில் படிக்கலாம்; தேர்வெழுதிப் பழக முடியாது.

பொன்னை இழந்தால் மீண்டும் தேடலாம்; போன நிமிடத்தைத் தேட முடியாது. நேரத்தை ஆளக் கற்போம். கற்றதை முழுவதும் எழுதி நிறைந்த மனத்தோடு தேர்வுக் கூடத்தை விட்டு வெளிவருவோம்.