எட்டாயிரத்து அறுநூறும் ஓர் இனிஷியலும்

அம்மாவின் பாஸ்புக்கில் அவர் பெயருக்கு முன்னால் இருந்தது ‘கே’. அது என் அப்பா. பான் கார்டில் ‘கே’ கிடையாது; பெயருக்குப் பின்னால் தாத்தாவின் பெயர் முழுசாக நிற்கிறது. பான் விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு, அதில் இனிஷியல் போட்டால் செல்லாது. நம்மூரில் யாருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது? பூர்த்தி செய்தவர் தாத்தா பெயரை எழுதி வைத்தார். பல வருடம் இதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. 2023-ல் வருமான வரி ரீஃபண்ட் 8,600 ரூபாய் வர வேண்டியிருந்தபோதுதான் முளைத்தது.

இந்தப் பணம் பிடித்தம் ஆனதே எங்கள் மறதியால். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் மாதம் 12,000. டெபாசிட் வட்டி 2022-23-ல் 86,000. மூத்த குடிமக்களுக்கு வட்டி வருடம் 50,000-ஐத் தாண்டினால் வங்கி 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும் என்பது அன்றைய விதி (2025 ஏப்ரலிலிருந்து இந்த வரம்பு ஒரு லட்சம்). ஓய்வூதியத்தையும் வட்டியையும் கூட்டினாலும் அறுபது கடந்தவர்களுக்கான மூன்று லட்ச வரிவிலக்கு வரம்பை எட்டாது. ஏப்ரலில் 15எச் படிவம் ஒன்றைக் கொடுத்திருந்தால் பிடித்தே இருக்க மாட்டார்கள். கொடுத்துக்கொண்டிருந்தவர் அப்பா. அவர் போன முதல் வருடம் அது.

பிடித்ததைத் திரும்ப வாங்க ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும். “வரியே இல்லையே, எதுக்குடா ரிட்டர்ன்?” என்று அம்மா கேட்டார். வரி இல்லாததால்தான் ரிட்டர்ன் என்று புரியவைக்க ஒரு காபி நேரம் பிடித்தது. இந்தக் கேள்வியோடு நின்று பணத்தை விட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

மே மாதமே 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பார்த்துப் பதறினேன். நம் பான் எண்ணில் யார் எவ்வளவு வரி பிடித்துக் கட்டினார்கள் என்பது அதில்தான் தெரியும். மூன்று காலாண்டுக் கணக்கு இருந்தது, கடைசிக் காலாண்டைக் காணோம். ஜனவரி முதல் மார்ச் வரையிலான கணக்கைக் கொடுக்க வங்கிக்கு மே 31 வரை அவகாசம் உண்டு என்பது பிறகு தெரிந்தது. ஜூன் பாதி தாண்டி உட்காருவதே நல்லது. 26ஏஎஸ்-இல் இல்லாத டிடிஎஸ்ஸை நீங்கள் ரிட்டர்னில் எழுதினால் ரீஃபண்ட் அங்கேயே முட்டிக்கொள்ளும்.

தாக்கல் செய்துவிட்டால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். 30 நாளுக்குள் அதைச் சரிபார்த்து உறுதி செய்யாவிட்டால் தாக்கல் செய்யாததற்குச் சமம். ஆதார் ஓடிபி போதும். ஆனால் அம்மாவின் ஆதாரில் இருந்தது அப்பாவின் எண். அந்த சிம் செத்து மாதக்கணக்காகியிருந்தது. கடைசியில் ஐடிஆர்-வி என்ற ஒரு பக்கத்தை அச்செடுத்து, அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, வருமான வரித் துறையின் பெங்களூரு மையத்துக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பினேன்.

ஆகஸ்டில் 143(1) அறிவிப்பு மின்னஞ்சலில் வந்தது. பிடிஎஃப் கடவுச்சொல் கேட்கும்: பான் எண் சிறிய எழுத்தில், கூடவே பிறந்த நாள், மாதம், வருடம் எட்டு இலக்கத்தில். உள்ளே இரண்டு வரிசை. ஒன்று நாம் சொன்ன கணக்கு, மற்றது அவர்கள் போட்ட கணக்கு. இரண்டும் ஒத்திருந்தால் நிம்மதி. பழைய வருடத்து வரிப் பாக்கி ஏதேனும் பதிவில் இருந்தால் ரீஃபண்டில் கழித்துக்கொள்வார்கள். அதற்கு முன் 245-ஆம் பிரிவில் கடிதம் வரும், 21 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். எங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. 8,600-க்கு மேல் இருநூற்றுச் சொச்சம் வட்டியும் சேர்ந்திருந்தது. 244ஏ பிரிவில் மாதத்துக்கு அரை சதவீதம். அந்த வட்டி அடுத்த வருட வருமானம், காட்டியாக வேண்டும்.

பத்து நாள் கழித்துப் பார்த்தால் ‘ரீஃபண்ட் ஃபெயில்ட்’.

தப்பு என்னுடையது. வங்கிக் கணக்கைச் சேர்த்தபோதே வருமான வரித் தளம் ‘வேலிடேஷன்’ தோல்வி என்று காட்டியது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மேலே போய்விட்டேன். கணக்கிலுள்ள பெயரும் பானிலுள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் அந்தக் கணக்குக்குப் பணம் போகாது. ‘கே’ ஒரு பக்கம், தாத்தா ஒரு பக்கம். கல்யாணத்துக்குப் பின் இனிஷியல் மாறிய பெண்கள் எல்லோரும் இதை முதலில் பார்த்துவிட வேண்டும் என்பேன்.

பானை மாற்றுவதா, வங்கியை மாற்றுவதா? பானைத் தொட்டால் ஆதார் இணைப்பு வரை கிளறவேண்டி வரலாம் என்று பயந்து வங்கிக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவர் பாஸ்புக்கையும் பான் கார்டையும் பார்த்தார். “இது ரெண்டும் ஒரே ஆளாம்மா?” அம்மாவுக்குச் சுருக்கென்றது. “நாற்பது வருஷமா நான் ஒரே ஆள்தான் சார்.” கேஒய்சி படிவம், பான், ஆதார் நகல்கள், ஒரு கோரிக்கைக் கடிதம். மூன்று முறை போக வேண்டியிருந்தது.

பெயர் மாறியதும் தளத்தில் கணக்கை மறுபடி சரிபார்த்தேன், தேறியது. பக்கத்தில் ரீஃபண்டுக்கு இந்தக் கணக்குதான் என்று தேர்ந்தெடுக்கும் ஒரு பொத்தான் இருக்கிறது, அதையும் அழுத்த வேண்டும். பிறகு ‘ரீஃபண்ட் ரீஇஷ்யூ’ கோரிக்கை. அதற்கும் ஓடிபி! தபால் நிலையத்தில் 50 ரூபாய் கட்டி ஆதாரில் அம்மாவின் எண்ணை ஏற்றிவிட்டு வந்தோம். முதலிலேயே செய்திருந்தால் ஸ்பீடு போஸ்ட் செலவு மிச்சம்.

காத்திருந்த நாட்களில் அம்மாவின் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி: ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்டது, வங்கி எண் சரியா என்று இந்தச் சுட்டியில் பாருங்கள். தொகை நம்முடையதில்லை என்று அம்மாவேதான் கண்டுபிடித்தார். வருமான வரித் துறை கார்டு எண்ணோ பின் நம்பரோ ஒருபோதும் கேட்காது. ரீஃபண்ட் எங்கே நிற்கிறது என்பதை நாமே தளத்துக்குள் போய்ப் பார்ப்பதோடு சரி.

நவம்பரில் பணம் ஏறியது. அதன் பிறகு ஒவ்வொரு ஏப்ரல் முதல் வாரமும் அம்மா 15எச் படிவத்தோடு தானே வங்கிக்குப் போகிறார். இரண்டு பிரதி எடுத்துப் போவார். ஒன்றில் முத்திரை குத்தித் திருப்பித் தரும் வரை கவுண்டரை விட்டு நகர்வதில்லை.