கால்சியம் மாத்திரை: சாப்பாட்டுக்கு முன்னாலா, சாப்பாட்டோடா?

“வைத்தியரய்யா, சத்து மாத்திரைதானே, வெறும் வயித்துல போட்டாத்தான் முழுசா ஒட்டும்னு சொல்றாங்களே?”

பிளவக்கல், வத்திராயிருப்பு பக்கத்துத் தாய்மார்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போகிற பெண்கள் இன்னும் ஒரு படி மேலே! முதல் ஷிப்டுக்கு ஓடுகிற அவசரத்தில் தைராய்டு, இரும்பு, கால்சியம் மூன்றையும் ஒரே மடக்கில் விழுங்கிவிடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய மாத்திரை உடம்பில் சேர வேண்டாமா?

கடைகளில் அதிகம் கிடைப்பது கால்சியம் கார்பனேட். சிப்பி, சங்கு, முட்டை ஓடு எல்லாவற்றிலும் இருப்பது இதுதான். இது கரைவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும். சாப்பிடும்போதுதான் அமிலம் தாராளமாகச் சுரக்கிறது. உணவோடு சேரும்போது மாத்திரை இரைப்பையிலிருந்து மெதுவாக இறங்கும். குடல் உறிஞ்சிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். 1985-ல் ராபர்ட் ரெக்கர் என்ற அமெரிக்க மருத்துவர், வயிற்றில் அமிலமே சுரக்காதவர்களைச் சோதித்தார். வெறும் வயிற்றில் கார்பனேட் கொடுத்தபோது சுமார் 4 சதவீதம்தான் உடம்பில் ஏறியது. அதையே உணவோடு கொடுத்தபோது மற்றவர்களைப் போல நன்றாக ஏறியது.

பற்பங்களை நெய், வெண்ணெய், பாலில் குழைத்துக் கொடுப்பது எங்கள் சித்த மருத்துவ வழக்கம். “பார்த்தீர்களா, அன்றே சொன்னோம்” என்று மார்தட்ட நான் வரவில்லை. அனுபானத்தின் கணக்கு வேறு. ஆனால் சிப்பி, சங்கு பற்பம் சாப்பிடுகிறவர்கள், மாத்திரை எழுதித் தரும் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டுமே சுண்ணாம்புச் சத்து.

கால்சியம் சிட்ரேட் என்றால் எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம். வயதானவர்களுக்கும், அசிடிட்டிக்காக ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் தினமும் போடுகிறவர்களுக்கும் அதுவே பொருத்தம். டாக்டரைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

எதுவானாலும் ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் கால்சியத்துக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் உறிஞ்சும் விகிதம் குறைந்துவிடும். அட்டையில் கார்பனேட் 1250 என்று போட்டிருந்தால் அதில் கால்சியம் 500தான்.

சிறுநீரகக் கல்லுக்குப் பயந்து, “சாப்பாட்டோட சேர்த்தா கல்லு வருமாமே” என்று தள்ளி வைப்பவர்களும் உண்டு. சங்கதி நேர்மாறானது. உணவிலுள்ள ஆக்சலேட்டைக் கால்சியம் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். ஏற்கெனவே கல் இருந்தவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். பசலைக்கீரை சமைத்த அன்று அதே வேளையில் கால்சியம் போட்டால், அந்த ஆக்சலேட் கொஞ்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வேளையை மாற்றினால் போதும், கீரையை விட வேண்டாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் கால்சியம் இல்லையா என்கிறீர்களா? இருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது! அதைவிடக் கேழ்வரகு மேல். 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம்.

இனி மில்லுக்குப் போகும் நம் சகோதரிக்கு. கால்சியமும் இரும்பும் தைராய்டு மருந்தை ஏறவிடாது. அதனால் 4 மணி நேர இடைவெளி கட்டாயம். இரும்புக்கும் கால்சியத்துக்கும் நடுவே 2 மணி நேரம். கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் மாத்திரைகளுக்கும் இதுவே முறை. எழுந்ததும் தைராய்டு மாத்திரை, மதியச் சாப்பாட்டோடு கால்சியம், சாயங்காலம் நாலு, நாலரைக்கு இரும்பு. இரண்டாவது கால்சியம் எழுதியிருந்தால் அது ராத்திரிச் சாப்பாட்டோடு. இரும்பு போட்ட கையோடு டீ மட்டும் வேண்டாம்.