டிரெஸ்டன் அரசவையின் இசைஞர் ஜெலென்கா

பாக், ஹேண்டல் ஆகிய இசை மேதைகளின் பெயர்களை நாம் கேட்டிருக்கிறோம். அவர்கள் காலத்தில் வாழ்ந்து, பாக்கின் நன்மதிப்பையும் பெற்ற யான் டிஸ்மாஸ் ஜெலென்காவை நம்மில் பலர் அறியோம்.

இவர் 1679ஆம் ஆண்டு பொகேமியா நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். கோவிலில் ஆர்கன் வாசித்தவர். ஏறத்தாழ 1710இல் ஜெலென்கா, சாக்சனியின் தலைநகரான டிரெஸ்டனில், அரசவை இசைக்குழுவில் சேர்ந்தார். அங்கு அவர் வாசித்தது வயலோன் என்னும் பெரிய நரம்புக் கருவி. சாக்சனி மக்கள் லூத்தரன் சபையினர். ஆனால் அதன் ஆட்சியாளர் அகஸ்டஸ், போலந்தின் மணிமுடியை வேண்டி 1697இல் கத்தோலிக்கரானார். ஆகவே அரசவைக் கோவிலுக்குத் திருப்பலி இசை தேவைப்பட்டது.

ஜெலென்காவின் இசையில் இரண்டு ஊற்றுகளைக் காண்கிறோம். முதலாவது, பழைய கோவில் இசை. முப்பத்தைந்து வயதைக் கடந்த பின்னும் அவர் வியன்னா சென்று, ஃபுக்ஸ் என்னும் ஆசிரியரிடம் மாணவராக அமர்ந்தார். பாலஸ்திரீனா முதலியோரின் பாடல்களைத் தம் கையாலேயே படியெடுத்துப் பயின்றார். பல குரல்கள் தத்தம் வழியே சென்றும் ஒன்றோடொன்று இசைந்து நிற்கும் கலையை இவ்வாறு கற்றார். நம் பாடகர் குழுவில் இரண்டு குரலாகப் பாடும்போதே நாம் தடுமாறுகிறோமே! அவரோ நான்கு குரல்களைப் பின்னினார்.

இரண்டாவது, இத்தாலிய இசை. விவால்டியின் கச்சேரி முறையும் இசை நாடகங்களும் அந்நாளில் டிரெஸ்டனில் புகழ் பெற்றிருந்தன. அவற்றின் வேகத்தையும் உணர்ச்சியையும் இவர் பழைய முறையோடு இணைத்தார். எதிர்பாராத சுர மாற்றங்களே இவருடைய தனி முத்திரை.

அரசவை இசைத் தலைவர் ஹைனிகன் நோயுற்றபோது அவருடைய கோவில் பணிகளில் பெரும்பங்கை ஜெலென்கா சுமந்தார். 1729இல் ஹைனிகன் இறந்தார். ஆயினும் தலைமைப் பதவி, நாடக இசையில் புகழ்பெற்ற ஹாஸேக்கே கிடைத்தது. 1733இல் ஜெலென்கா விடுத்த விண்ணப்பமும் பலிக்கவில்லை. பின்னர்க் கோவில் இசையமைப்பாளர் என்னும் பட்டம் மட்டுமே வந்தது.

அவர் சோர்ந்து எழுதுகோலைக் கீழே வைத்தாரா? இல்லை. தம் சிறந்த திருப்பலி இசைகளை 1740, 1741ஆம் ஆண்டுகளில்தான் இயற்றினார். 1745இல் அவர் மறைந்தபின் அவருடைய கையெழுத்துப் படிகளை அரசவை பூட்டிக் காத்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் அவருடைய இசையை உலகம் பரவலாகக் கேட்கலாயிற்று.

பரிசு கிடைக்காத ஆண்டிலும் செய்யும் பணியைச் செம்மையாய்ச் செய்ய நாம் இவரிடம் கற்போமாக.