முதலில் கூண்டு கட்டாதீர்கள்

அன்புள்ள கிளியனூர் சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. திண்டிவனம்–புதுச்சேரி சாலை ஓரத்தில் அட்டைப்பெட்டியோடு விட்டுப்போகும் நாய்க்குட்டிகளைப் பற்றியும், உங்கள் பங்குக்கு வந்த முப்பது சென்ட் நிலத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அந்த நிலத்துக்கு வேலி போட்டு, ஷீட் கொட்டகை இறக்கி, எந்த நாயையும் கொல்லாத, எந்த நாயையும் திருப்பி அனுப்பாத காப்பகம் ஒன்றை நடத்த ஆசைப்படுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கைகொடுக்கக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் தயார் என்றும் சொல்கிறீர்கள். இதே கேள்வியை வேறு ஊர்க்காரர்களும் கேட்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

கொல்லாத காப்பகம் நடத்தலாம். திருப்பி அனுப்பாத காப்பகம் நடத்த முடியாது. இரண்டையும் சேர்த்து நடத்தப் புறப்பட்டால், நீங்கள் யாரையும் கொல்லாமலே உங்கள் கூண்டுக்குள் நாய்கள் சாகும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று கேளுங்கள்.

'கொல்லாத காப்பகம்' என்ற இயக்கம் அமெரிக்காவில் கிளம்பியது. அங்கே இடம் போதாத காப்பகங்கள் நோயில்லாத நாயையும் பூனையையும் ஊசி போட்டு முடித்துவிடுவது வழக்கமாக இருந்தது. 1990-களில் சான்பிரான்சிஸ்கோ அதை மாற்றிக் காட்டியது. உள்ளே வந்த பத்தில் ஒன்பது பிராணிகள் பிழைத்தால் அதைக் கொல்லாத காப்பகம் என்று இன்று அங்கே ஏற்றுக்கொள்கிறார்கள். நம் ஊர்ச் சட்டத்தில் அந்தச் சண்டைக்கே வேலையில்லை. 2001-இல் வந்த நாய் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும், அவற்றுக்குப் பதிலாக 2023-இல் வந்த விதிகளும் ஒன்றைத்தான் சொல்கின்றன: தெருநாயைப் பிடித்தால் கருத்தடை செய், வெறிநாய்த் தடுப்பூசி போடு, பிடித்த இடத்திலேயே விடு. இனித் தேறாது என்று கால்நடை மருத்துவர் சொல்லும் நாயை மட்டும் வலியில்லாமல் முடிக்க வழியிருக்கிறது. ஆக, கொல்லாமல் இருப்பது உங்கள் காப்பகத்தின் தனிச்சிறப்பாக இருக்க முடியாது. அது எல்லோருக்கும் உள்ள கடமை.

இந்த விதிகளுக்கு வித்திட்ட ஊர் சென்னை. விமானி கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் என்ற பிராணிநல அமைப்பு, கொல்வதற்குப் பதில் கருத்தடையும் தடுப்பூசியும் என்ற யோசனையை 1964-லேயே முன்வைத்தது. மாநகராட்சி அதற்குச் சம்மதிக்க 1996 ஆனது. அதுவரை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய நாய்ப்பிடி வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. 1990-களின் நடுவில் நாளொன்றுக்கு நூற்றுக்கு மேல் கொன்றார்கள் என்று புளூ கிராஸ் சொல்கிறது. அத்தனை கொன்றும் தெருவில் நாய் குறையவில்லை. குப்பையும் எச்சில் சோறும் இருக்கிற தெரு காலியானால் அடுத்த தெரு நாய் அங்கே வந்துவிடும். மிச்சமிருக்கும் பெட்டை வயிறாறத் தின்று அதிகக் குட்டிகளைக் காப்பாற்றிவிடும். கொல்வது ஏன் பலிக்கவில்லையோ, அதே காரணத்தால்தான் எல்லாவற்றையும் அள்ளிக் கூண்டில் போடுவதும் பலிக்காது. இரண்டிலும் தெரு காலியாகிறது, குட்டி போடுவது நிற்பதில்லை.

இத்தாலியைப் பாருங்கள். 1991-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது: அநாதை நாயைக் கொல்லக் கூடாது, நகராட்சிகள் அவற்றைக் காப்பகத்தில் வைத்துப் பராமரிக்க வேண்டும். உயர்ந்த எண்ணம். ஆனால் தென் இத்தாலியில் கருத்தடை பின்தங்கியது, காப்பகங்கள் நிரம்பின. எத்தனையோ நாய்கள் கூண்டிலேயே கிழடாகிக் கூண்டிலேயே முடிந்தன. தலைக்கு இவ்வளவு என்று நகராட்சி பணம் கட்டியதால், நாயை வெளியே அனுப்பாமல் வைத்திருப்பதே சிலருக்குத் தொழிலானது.

நம் நாட்டிலும் 2025-இல் இந்தப் பேச்சு உச்ச நீதிமன்றம் வரை போனது. டெல்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி ஆகஸ்ட் 11 அன்று ஓர் உத்தரவு வந்தது. அதே மாதம் 22 அன்று பெரிய அமர்வு அதைத் திருத்தியது: வெறிநோய் உள்ளதும் மூர்க்கமானதும் தவிர மற்றவை கருத்தடையும் ஊசியும் முடிந்து பழைய இடத்துக்கே போகலாம் என்றது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து அகற்றச் சொல்லி மறுபடி ஓர் உத்தரவு. இந்த இழுபறியின் மையத்தில் இருக்கும் கேள்வி உங்கள் முப்பது சென்டுக்கும் பொருந்தும்: எத்தனை நாய்க்கு இடம் இருக்கிறது, எத்தனை காலத்துக்கு?

இடம் போதாத காப்பகத்தில் நடப்பதைச் சொல்கிறேன். சாலையோரப் பெட்டியில் வரும் குட்டிக்குத் தாய்ப்பாலும் போதுமான அளவு கிடைத்திருக்காது, ஊசியும் போட்டிருக்காது. அதன் வயிற்றில் பார்வோ வைரஸ் இருக்கலாம். இரண்டே நாளில் வாந்தி, ரத்தக் கழிச்சல். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வெறும் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போகாது. ஒரு பெட்டிக் குட்டிகளை இரக்கப்பட்டு மற்றக் குட்டிகளோடு விட்டால் மொத்தக் கூண்டும் போய்விடும். டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய் அதைவிட மோசம். பிழைக்கிற நாயும் வலிப்போடு அலையக்கூடும். ஆகவே புதிதாக வரும் குட்டியைத் தனியே இரண்டு வாரம் வைக்க ஓர் அறை, அதற்கென்று தனிச் செருப்பு, தனித் தட்டு, தனி ஆள் இல்லாமல் ஒரு குட்டியைக்கூட உள்ளே எடுக்காதீர்கள்.

அடுத்தது தண்ணீர். கூண்டைத் தினமும் கழுவ வேண்டும். உப்பளக் கரையை நோக்கிப் போகப் போக நிலத்தடி நீர் உவர்ப்பாவது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோடையில் ஊருக்கே தண்ணீர் லாரி வரும் நாளில் நாய்க்கூண்டு கழுவத் தண்ணீர் கேட்டால் தெருவே உங்களுக்கு எதிராகத் திரும்பும். மழையும் அப்படித்தான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. பெய்தது. பூட்டிய கூண்டுக்குள் நாயை வைத்திருப்பவர் அப்படிப்பட்ட இரவில் என்ன செய்வார்? உங்கள் நிலம் ஏரி வடிகாலை ஒட்டியதா, மேடா என்று முதலில் பாருங்கள்.

இனிச் செலவு. குருணைக் கஞ்சி, கறிக்கடைக் கோழிக் கால், தலை, கொஞ்சம் மஞ்சள். நாய்க்கு நாளொன்றுக்கு முப்பது ரூபாய் என்றே வையுங்கள். ஐம்பது நாய்க்கு மாதம் 45,000. ஆள்கூலி, மருந்து, கரண்டு இதில் சேரவில்லை. ஒரு குட்டியை உள்ளே எடுத்து வெளியே அனுப்ப முடியாமல் போனால் அதன் பத்து வருட ஆயுளுக்குச் சோறு மட்டுமே லட்ச ரூபாயைத் தாண்டும். அந்தப் பணத்தில் எத்தனையோ பெட்டைகளுக்குக் கருத்தடை செய்துவிடலாம். ஆரோவில் பக்கம் இருப்பதால் வெளிநாட்டு நண்பர்கள் உதவுவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வெளிநாட்டுப் பணம் வாங்க 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். புதிதாக ஆரம்பித்த சங்கத்துக்கு அது லேசில் கிடைக்காது. உள்ளூர்ப் பணத்தில் நடக்கிற அளவுக்கே முதலில் திட்டமிடுங்கள்.

தொண்டர்களைப் பற்றியும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை வரும் பிள்ளைகள் நல்லவர்கள். ஆனால் நாய்க்குச் செவ்வாய்க்கிழமையும் பசிக்கும்; பரீட்சை வாரத்திலும் பொங்கல் அன்றும் பசிக்கும். காலையில் கூண்டு கழுவி, கஞ்சி வைத்து, மாத்திரை கொடுக்க ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். தொண்டர்களுக்கு அவர்கள் செய்யக்கூடிய வேலையைக் கொடுங்கள்: தெருவாரியாக நாய்க் கணக்கு எடுப்பது, முகாம் நாளில் பிடித்துக் கொண்டுவருவது, குட்டிக்கு வீடு தேடுவது, கணக்கு எழுதுவது. வடலூரில் வள்ளலார் 1867-இல் ஏற்றிய தருமசாலை அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறதென்றால், உணர்ச்சிவசப்பட்ட ஒரு நாள் கூட்டம் அதைக் காக்கவில்லை. ஊர் ஊராக வந்து சேரும் அரிசியும், முறை வைத்துச் செய்யும் ஆட்களும் காத்தார்கள்.

அப்படியானால் என்னதான் செய்வது? முதல் வருடம் கூண்டே வேண்டாம். கருத்தடையும் ஊசியும் மட்டும். பத்தில் ஏழு நாய்க்குத் தடுப்பூசி இருந்தால் வெறிநோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. ஒரு பெட்டை வருடத்துக்கு இரண்டு ஈத்து ஈனக்கூடியது. ஆகவே பெட்டைகளிலிருந்து தொடங்குங்கள். அறுவை முடிந்த நாயின் காதில் சிறு வெட்டு இருக்கும், மறுபடி பிடிக்க வேண்டியதில்லை. இந்த வேலையை யாரும் நினைத்தபடி செய்ய முடியாது. விலங்கு நல வாரியம் அங்கீகரித்த அமைப்பு வேண்டும், பொறுப்பு உள்ளாட்சியுடையது. புதுச்சேரி குரும்பாபேட்டையில் ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஆரோவில்லில் பிராணிகள் பராமரிப்பு மையம் இருக்கிறது. இருவரிடமும் போய்ப் பேசுங்கள். திருவண்ணாமலையில் நடந்ததையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். லெஸ்லி ராபின்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி 2007-இல் அங்கே தொடங்கிய அருணாச்சலா விலங்குகள் காப்பகத்தில் தெருநாய்க்கும் வீட்டு நாய்க்கும் மருத்துவமும் கருத்தடையும் சேர்ந்தே நடந்தன. சின்ன ஊருக்கு அது தெரிந்துகொள்ள வேண்டிய முன்மாதிரி.

பெட்டியில் கிடக்கும் குட்டிகளைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் பொட்டைக் குட்டிகள். தோப்புக் காவலுக்கும் ஆட்டுப்பட்டிக்கும் நாய் கேட்பவர் எல்லோரும் ஆண் குட்டிதான் கேட்கிறார். பொட்டை வந்தால் வருடத்துக்கு இரண்டு முறை குட்டித் தொல்லை என்ற பயம். "வளரட்டும் அண்ணே, கருத்தடை செலவும் ஊசியும் எங்கள் பொறுப்பு" என்று நீங்கள் எழுதிக்கொடுத்தால் அதே மனிதர் பொட்டைக் குட்டியை வாங்கிப் போவார். சாலையோரப் பெட்டிகளைக் குறைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் வருடம் பத்துப் படுக்கை போடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். புழு வைத்த புண், வண்டியில் அடிபட்ட கால், சொறி, உண்ணிக் காய்ச்சல், வாரம் ஒரு ஊசி போட்டால் கரையும் பிறப்புறுப்புக் கட்டி. இவைதான் உங்கள் நோயாளிகள். தேறியதும் அதே தெருவுக்குப் போக வேண்டும். கண் போனது, இடுப்பு நகராதது, இப்படித் தெருவில் பிழைக்க வழியில்லாத இரண்டு மூன்று மட்டும் தங்கட்டும். பதினோராவது நாயோடு ஒருவர் வாசலில் நின்றால், "இடமில்லை ஐயா, ஊசி போட்டு மருந்து தருகிறோம், உங்கள் தெருவிலேயே வைத்துப் பாருங்கள், நாளைக்கு வந்து கட்டு மாற்றுகிறோம்" என்று சொல்லப் பழகுங்கள். அவர் திட்டுவார், கல்நெஞ்சுக்காரி என்பார். உள்ளே இருக்கும் பத்தும் பிழைப்பது அந்த ஒரு பதிலால்தான்.

இன்னொரு கசப்பும் உண்டு. வெறிநோய் வந்த நாய்க்கு மருந்தில்லை. முதுகெலும்பு நொறுங்கி வலியில் கத்தும் நாயை "நாங்கள் கொல்லமாட்டோம்" என்ற கொள்கைக்காகப் பத்து நாள் இழுக்கவிடுவது கருணையில் சேராது. அந்த முடிவை மருத்துவர் எடுக்கட்டும், கையெழுத்தோடு குறித்து வையுங்கள். தொண்டர் யாரும் எடுக்கக் கூடாது.

நாயைக் கண்டு பயப்படுகிறவர்களை எதிரிகளாக நினைக்காதீர்கள். கடிபட்ட பிள்ளையின் தாய்க்கு உங்கள் பிராணி நேசத்தைவிட நியாயம் அதிகம். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும், உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும், எல்லாத் தவணை ஊசியும் போட வேண்டும். இதை ஒவ்வொரு பள்ளியிலும் நீங்களே போய்ச் சொல்லுங்கள். ஆடு பறிகொடுத்தவர் வந்தால் அரசு நிவாரணத்துக்கு மனு எழுதிக் கொடுங்கள். ஊருக்குக் கிழக்கே கழுவெளி இருக்கிறது, 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். அதற்கப்பால் பங்குனி ஆமைகள் முட்டையிடும் கடற்கரை. இரண்டிடத்திலும் நாய் பெரிய சேதம் செய்யும். அங்கே யாரும் சோறு வைக்காமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலையில் சேர்த்தி.

திண்டிவனம், செஞ்சிச் சுற்றுவட்டாரத்தில் தமிழ்ச் சமணர் நூற்றாண்டுகளாகக் கொல்லாமையைக் குடும்ப ஒழுக்கமாக வைத்து வாழ்ந்திருக்கிறார்கள். உங்கள் மண்ணுக்கு அது புதிதில்லை. ஆனால் தனி ஒருவர் காக்கும் விரதம் வேறு, ஓர் ஊர் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் பொறுப்பு வேறு. உங்கள் நிலத்தில் நீங்கள் தனியாகக் கட்டினால் நாய் உங்கள் பிரச்சினையாகிவிடும், ஊர் கைகழுவிவிடும்.

அதனால் வேலிக்குக் கல்கால் வாங்குமுன் ஒரு நோட்டு வாங்குங்கள். தெருவாரியாக எத்தனை நாய், அதில் எத்தனை பெட்டை, எதன் காதில் வெட்டு இருக்கிறது என்று எழுதுங்கள். அடுத்த கிராம சபையில் அதை வாசித்து, கருத்தடை முகாம் வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். தீர்மானம் நிறைவேறினால் நகலை எனக்கு அனுப்புங்கள். நிறைவேறாவிட்டால் யார் என்ன சொல்லி மறுத்தார்கள் என்று எழுதுங்கள். அடுத்த கடிதத்தில் அவர்களுக்கு என்ன பதில் சொல்லலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்